வந்தவர் எண்ணிக்கை வருமானம் ஆகாது: குருவிகுளத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

தமிழ்நாட்டில் சுற்றுலாவின் வளர்ச்சியை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு பேசும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஓராண்டில் மாநிலத்தில் பதிவான பயணிகள் வருகைதான் அந்த எண். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2014 முதல் 2017 வரை உள்நாட்டுப் பயணிகள் வருகையில் தமிழ்நாடு தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 2019-ல் 49.48 கோடி வருகையுடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. மேடைப் பேச்சுகளும் நாளிதழ்ச் செய்திகளும் இந்த எண்ணை எடுத்தாள்கின்றன. சுற்றுலாப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகளிலும் முதல் அட்டவணையாக இதுவே இடம்பெறுகிறது.

இந்த எண்ணிலிருந்து இரண்டு முடிவுகள் வழக்கமாக எடுக்கப்படுகின்றன. வருகை கூடினால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் அந்த வட்டாரம் செழிக்கும் என்பது ஒன்று. வருகைப் பட்டியலில் இல்லாத ஊருக்குச் சுற்றுலாப் பொருளாதாரமே கிடையாது, அதைப் பட்டியலில் ஏற்றுவதுதான் அதன் முன்னேற்றத்துக்கு வழி என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. தவறு எங்கே என்பதைக் குற்றாலத்திலோ மாமல்லபுரத்திலோ நின்று பார்ப்பதைவிட, பட்டியலில் பெயரே இல்லாத குருவிகுளம் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

குருவிகுளம் தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே சற்றுத் தொலைவில் கழுகுமலை, அதற்கும் அப்பால் கோவில்பட்டி. சுற்றிலும் கரிசல் மண். உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம் என்று மழையை நம்பிய வெள்ளாமை. இங்கே அருவி இல்லை, கடற்கரை இல்லை, சுற்றுலாத் துறையின் விடுதியும் இல்லை. ஆகவே சுற்றுலா ஆய்வாளர் எவரும் இந்த ஊரில் இறங்க வேண்டியதில்லை என்பதே பொதுவான எண்ணம்.

முதலில் அந்தப் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் முதியவர் வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு முறை சுற்றுலா போயிருந்தால்தான் 49 கோடி வருகை கைகூடும். வெளிமாநிலத்தவரைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. அதே 2019-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தில் உள்நாட்டுப் பயணிகள் 1.84 கோடி, அதாவது தமிழ்நாட்டின் எண் கேரளத்தினுடையதைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. பத்மநாபசுவாமி கோயில், சபரிமலை, குருவாயூர், மூணாறு, ஆலப்புழை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு வருபவர்களில் 27-ல் ஒரு பங்கு ஆட்களைத்தான் ஈர்க்கிறது என்று எவராலும் நம்ப முடியுமா? கேரளச் சுற்றுலாத் துறை தங்கும் இடங்களிலிருந்து திரட்டிய விவரங்களைக் கொண்டு எண்ணுகிறது. இரண்டு மாநிலங்களும் ஒரே பொருளை எண்ணவில்லை என்பதே இந்த இடைவெளிக்குக் காரணமாக இருக்க முடியும்.

இதை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். 2019-ல் சுற்றுலாவால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கிடைத்த மொத்த வருமானம் 45,010 கோடி ரூபாய் என்று கேரள அரசு கணக்கிட்டது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பயணிகள் இருவரையும் சேர்த்து வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 23,000 ரூபாய் வருகிறது. தமிழ்நாட்டின் 49.48 கோடி வருகைக்கும் இதே சராசரியைப் பொருத்தினால் 11 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டின் மொத்த மாநில உற்பத்தியே ஏறத்தாழ 17.4 லட்சம் கோடிதான். மாநிலப் பொருளாதாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுலா என்று இதற்குப் பொருள். உழவு, நெசவு, மோட்டார் வாகனத் தொழில், மென்பொருள் என்று எதையும் அறிந்த ஒருவர் இதை ஏற்க மாட்டார். எண்ணப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பொருளாதார அர்த்தத்தில் சுற்றுலாப் பயணிகளே அல்லர், அல்லது அவர்கள் செலவிட்டது மிகச் சொற்பம். எப்படிப் பார்த்தாலும் இந்த எண்ணை வருமானத்துக்கு அடையாளமாகக் கொள்ள இடமில்லை.

வெளிநாட்டுப் பயணிகள் கணக்கும் இப்படித்தான். விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் தரைவழி எல்லைச் சாவடிகளிலும் குடிவரவுத் துறை எண்ணியபடி 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் 1.09 கோடி. அதே ஆண்டில் தமிழ்நாடு காட்டிய வெளிநாட்டவர் வருகை 68.66 லட்சம். ஒருவர் சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரை என்று போனால் ஒவ்வோர் ஊரிலும் அவர் ஒரு வருகை. இதனால்தான் அமைச்சகமும் மாநில வாரியான எண்ணை வருகை என்று குறிக்கிறதே தவிர ஆட்கள் என்று குறிப்பதில்லை. ஆனால் அட்டவணையிலிருந்து மேடைக்குப் போகும்போது வருகை ஆளாகிவிடுகிறது. 2023-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் 2019-ஆம் ஆண்டு அளவில் 87 விழுக்காட்டை எட்டிவிட்டனர். கேரளத்தின் எண்ணிக்கை பாதிக்குச் சற்று மேல் மீண்டிருந்தது. தமிழ்நாட்டின் எண்ணோ 11.7 லட்சம், அதாவது பழைய அளவில் 17 விழுக்காடு. வெளிநாட்டவர் தமிழ்நாட்டை மட்டும் இப்படிக் கைவிட்டுவிடக் காரணம் எதுவும் இல்லை. வந்தவர்களைவிட எண்ணும் முறை அதிகமாக மாறியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்த இடத்தில் ஒரு வாதம் எழுப்பப்படுவதுண்டு. எண் மிகையாகவே இருக்கட்டும், ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் மிகையாக இருந்தால் ஏற்ற இறக்கத்தையாவது அதிலிருந்து அறியலாமே என்பது அந்த வாதம். தரவு ஆய்வில் இது மதிக்கத்தக்க வாதம்தான். பிழை நிலையானதாக இருந்தால் போக்கைக் கணிக்க அது தடையாகாது. ஆனால் இங்கே பிழை நிலையானதாக இல்லை. மேலே கண்ட வெளிநாட்டவர் எண்ணே அதற்குச் சான்று. உள்நாட்டு எண் 2018-ல் 38.59 கோடி, அடுத்த ஆண்டில் 49.48 கோடி. ஒரே ஆண்டில் 28 விழுக்காடு உயர்வு என்றால் அது விடுதி அறைகளின் நிரப்பளவிலும் பேருந்து, ரயில் பயணச்சீட்டு விற்பனையிலும் சரக்கு சேவை வரியிலும் தடம் பதித்திருக்க வேண்டும். அந்தத் தடத்தைத் தேடிப் பார்க்காமல் வளர்ச்சி விகிதம் எழுதுவது ஆய்வு ஆகாது.

தென்காசியைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் கூடுதல். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை திருநெல்வேலிக் கணக்கில் இருந்த குற்றாலமும் சங்கரன்கோவிலும் புதிய மாவட்டத்துக்குப் போயின. நான்கே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. ரயிலும் பேருந்தும் நின்றிருந்த மாதங்களைக் கொண்ட அந்த 2020-லும் மாநிலத்தின் உள்நாட்டு வருகை 14 கோடி என்று பதிவாகி, நாட்டில் முதலிடம் என்றும் பாராட்டப்பட்டது. எல்லையும் மாறி, நோய்த்தொற்றும் குறுக்கிட்ட இந்த வரிசையின் மேல் நேர்கோடு ஒன்றைப் போட்டு 2030-க்கான முன்கணிப்பு எழுதினால் அதை நம்ப ஒருவருக்கும் உரிமை இல்லை. கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்திலும் குருவிகுளம் தென்காசி மாவட்டத்திலும் இருப்பதால், ஒரே நாளில் சங்கரன்கோவிலையும் கழுகுமலையையும் பார்த்துத் திரும்பும் குடும்பத்தின் பயணம் இரண்டு மாவட்டக் கணக்கில் துண்டாகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் சங்கரன்கோவில், கழுகுமலை, குற்றாலம் என மூன்று இடங்களுக்குப் போனால் பயணம் ஒன்று, ஆட்கள் நான்கு, வருகை பன்னிரண்டு.

யாரைச் சுற்றுலாப் பயணியாகக் கொள்வது என்பதற்கு உலகளவில் ஒப்புக்கொண்ட வரையறை இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 2008-ஆம் ஆண்டு சுற்றுலாப் புள்ளிவிவரப் பரிந்துரைகளின்படி, ஒருவர் தம் அன்றாட வாழ்க்கைச் சூழலுக்கு வெளியே, ஓராண்டுக்குக் குறைவாக, போகும் இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைத் தவிர்த்த வேறு எந்த நோக்கத்துக்காகப் போனாலும் அவர் வருகையாளர். அங்கே இரவு தங்கினால் சுற்றுலாப் பயணி. அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர். அன்றாடச் சூழல் என்ற நிபந்தனையும் இரவுத் தங்கல் என்ற நிபந்தனையும் இந்த வட்டாரத்தில் என்ன செய்கின்றன என்று பார்க்க ஆடித்தபசைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஆடி மாதத்தில் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் கோமதி அம்மன் தவக்காட்சி நாளன்று தெருக்களில் நடக்க இடம் இருக்காது. சுற்றுவட்டாரச் சம்சாரிகள் தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் முதலியவற்றைக் கொண்டுவந்து அம்மனுக்குச் சூறை விடுகிறார்கள். மாலைக் காட்சி முடிந்ததும் இரவுப் பேருந்துகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அன்று கூடியவர்களை எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் பக்தர்கள் என்று செய்தி வரும். பக்தர் எண்ணிக்கையாக அது சரியே. ஆனால் குருவிகுளத்திலிருந்து வந்த சம்சாரிக்குச் சங்கரன்கோவில் வெளியூரா? உரம் வாங்குவதும், நகையை அடகு வைப்பதும், பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதும் அவருக்கு அந்த ஊரில்தான். அவருடைய அன்றாடச் சூழலுக்குள் அடங்கிய ஊர் அது. வரையறைப்படி அவர் சுற்றுலாப் பயணி அல்லர். ஒருநாள் வருகையாளரும் அல்லர். அன்று அவர் பூக்கடையில் கொடுத்த காசு வட்டாரத்துக்குள்ளேயே கைமாறிய காசு. வெளியிலிருந்து புதிதாக ஒரு ரூபாயும் வந்து சேரவில்லை. மறுபுறம், பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்து மூன்று நாள் லாட்ஜில் தங்கிய குடும்பமும் அதே கூட்டத்தில்தான் நிற்கிறது. இருவரையும் ஒரே தலையாக எண்ணும் கணக்கு, பக்தியின் பெருக்கத்தைச் சொல்லலாம். பொருளாதாரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

இதே மயக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. 2025-ல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் 66 கோடிக்கும் மேற்பட்டோர் நீராடியதாக உத்தரப் பிரதேச அரசு அறிவித்தது. ஒருவர் ஐந்து நாள் தங்கி ஐந்து முறை நீராடினால் அந்தக் கணக்கில் அவர் எத்தனை பேர் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பட்டியலில் இல்லாத பக்கத்தை இப்போது பார்க்கலாம். வருகைக் கணக்குப்படி குருவிகுளம் ஒன்றியத்துக் கிராமங்களுக்குச் சுற்றுலாப் பயணி யாரும் வருவதில்லை. ஆனால் கரிசல் நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும் நாட்கள் உண்டு. கோயில் கொடை, தைப்பொங்கல், காதுகுத்து, சடங்கு, கல்யாணம். சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் மும்பையிலும் குடியேறிய குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. கோவில்பட்டி நிலையத்தில் அதிகாலை ரயிலில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மூன்று நாளோ நான்கு நாளோ தங்குகிறார்கள். வீடு இல்லாதவர்கள் சித்தப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்குகிறார்கள். ஐ.நா. வரையறைப்படி இவர்கள் ஒவ்வொருவரும் முழுமையான சுற்றுலாப் பயணி. உறவினரைப் பார்க்கப் போவதும் விழாவுக்குப் போவதும் அந்த வரையறையில் தெளிவாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தங்கியது விடுதியில் அல்ல என்ற ஒரே காரணத்தால் எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் ஏறுவதில்லை.

இது விளிம்பில் நிற்கும் சிறு விஷயம் என்று தள்ள முடியாது. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2014 ஜூலை முதல் 2015 ஜூன் வரை 72-ஆவது சுற்றில் உள்நாட்டுச் சுற்றுலாவை வீடு வீடாகச் சென்று ஆய்ந்தது. இந்தியர் இரவு தங்கிப் போகும் பயணங்களில் மிகப் பெரிய பங்கு உறவு, சடங்கு, சமூகக் காரணங்களுக்கானது என்பதே அந்த ஆய்வின் முதன்மையான கண்டறிதல்களில் ஒன்று. ஓய்வுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் போகும் பயணம் சிறு பங்குதான். டில்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனம் தயாரித்த மூன்றாவது தேசியச் சுற்றுலா சாட்டிலைட் கணக்கு இந்த வீட்டு ஆய்வை ஆதாரமாகக் கொண்டதே ஒழிய, மாநிலங்கள் அனுப்பும் வருகைப் பட்டியலைச் சார்ந்ததன்று. நாட்டின் உற்பத்தியில் சுற்றுலாவின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு என்று சொல்லப்படும் எண்ணின் அடித்தளமும் இத்தகைய செலவுக் கணக்கே. நாட்டளவில் செலவைக் கொண்டு கணக்கிட்டுவிட்டு, மாநிலத்திலும் மாவட்டத்திலும் தலையை எண்ணி மகிழ்வது எந்த வகையில் நியாயம்?

கொடைக்கு வந்தவரின் காசு எங்கே போகிறது என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் விளங்கும். தலைக்கட்டு வரி கோயிலுக்குப் போகிறது. அதிலிருந்து பந்தல்காரர், மைக்செட்காரர், நையாண்டி மேளம், வில்லுப்பாட்டுக் குழு, சமையல்காரர் என்று பிரிகிறது. இவர்களில் பலர் பக்கத்து ஊர்க்காரர்கள். நேர்ச்சைக் கிடாய் உள்ளூர் ஆட்டுக்காரரிடம் வாங்கியது. பலசரக்கும் காய்கறியும் சங்கரன்கோவில் சந்தையிலும் கடைகளிலும். துணிமணியும் நகையும் மட்டும் பெரிய ஊர்க் கடைகளுக்குப் போகும். நகரத்தில் ஈட்டிய சம்பளம் கரிசல் காட்டுக் கைகளுக்கு நேராக வந்து சேரும் வழி இது. இப்போது, ஒரே நாளில் பல கோயில்களைக் காட்டும் சுற்றுலா வேனை எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் சென்னையிலோ மதுரையிலோ உள்ள முகவருக்கு முன்கூட்டியே போய்விட்டது. டீசல் காசு எண்ணெய் நிறுவனத்துக்கு. தண்ணீர்ப் பாட்டிலும் சிப்ஸ் பொட்டலமும் எங்கோ உள்ள ஆலையிலிருந்து வந்தவை. வட்டாரத்தில் நிற்பது தேநீர், பூ, தேங்காய்ப் பழத் தட்டு, வண்டி நிறுத்தும் கட்டணம். வேனில் வந்த இருபது பேரும் மூன்று ஊர்க் கணக்கில் அறுபது வருகை. கொடைக்கு வந்து நான்கு நாள் தங்கிய இருபது பேரும் சுழி. பொருளாதாரத்தை அளக்கும் கருவி, பணம் தங்கும் இடத்தைக் காணாமல் பணம் ஒழுகிப்போகும் இடத்தை மட்டும் பெருக்கிக் காட்டுகிறது.

முனைவர் பட்ட ஆய்வாளரின் வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நடப்பில் அது வேறு வழியில் போய்விட்டது. வருகைப் பட்டியல் ஒன்றை முதல் இயலில் வைத்து, ஏதேனும் ஒரு தலத்தின் வாசலில் சில நூறு பேரிடம் ஐந்து படி லிக்கர்ட் வினாத்தாளைக் கொடுத்து, வயதுக்கும் மனநிறைவுக்கும் தொடர்பு உண்டா என்று கை-வர்க்கச் சோதனை செய்து முடிக்கும் ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. உழைப்பு இல்லாமல் அவை எழுதப்படவில்லை. வெயிலில் நின்று கேட்ட கேள்விகள் அவை. கேள்வி தவறாக அமைந்ததால் அந்த உழைப்பு வீணாகிறது என்பதே வருத்தம். கழிவறை சுத்தமாக இருந்ததா என்று கேட்கப்பட்ட பயணியிடம், நேற்றிரவு எங்கே தங்கினார், எவ்வளவு செலவிட்டார், அந்தச் செலவு யாருக்குப் போனது என்று கேட்கப்படவில்லை.

வாசலில் நின்று கேட்பதிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் நாள்தோறும் ஒருநாள் தங்குவோர் 100 பேரும் நான்கு நாள் தங்குவோர் 25 பேரும் வருவதாகக் கொள்வோம். எந்த நாளிலும் ஊரில் இருப்பவர்கள் ஒருநாள்காரர் 100, நான்கு நாள்காரர் நான்கு நாளாகச் சேர்ந்த 100. ஆய்வாளர் அன்று சந்திப்பவர்களில் பாதிப் பேர் நான்கு நாள் தங்குவோர். அவர் கணக்கில் சராசரித் தங்கல் 2.5 நாள். உண்மையில் வந்த 125 பேரின் மொத்தத் தங்கல் 200 நாள், சராசரி 1.6 நாள். நீண்ட நாள் தங்குபவர் ஆய்வாளர் கண்ணில் பட அதிக வாய்ப்பு உண்டு என்பதால் வரும் மிகை இது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தங்கிய நாட்களுக்குத் தலைகீழான எடையைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு பக்கத்தில் அடங்கும் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 2.5-ஐ மொத்த வருகையால் பெருக்கினால், ஏற்கெனவே மிகையான எண் இன்னொரு மிகையால் பெருகுகிறது. அதன்மேல் கட்டப்படும் விடுதிகள் காலியாகக் கிடக்கும்போது இழப்பு ஆய்வாளருக்கு வராது, கடன் வாங்கிக் கட்டியவருக்கே வரும்.

சுற்றுலா வளர்ச்சியைக் கொண்டுவரும் என்ற கருதுகோளுக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஸ்பெயினைப் பற்றி பலாகேர், கன்டவேயா-ஹோர்தா இருவரும் 2002-ல் வெளியிட்ட கட்டுரை. அவர்கள் 1975 முதல் 1997 வரையிலான காலாண்டுத் தரவை எடுத்து, வெளிநாட்டுச் சுற்றுலா வருவாய்க்கும் நாட்டின் உற்பத்திக்கும் நீண்டகாலத் தொடர்பு உண்டு என்று காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய மாறி வருவாய். இங்கே அந்த முறையைக் கடன் வாங்குபவர்கள் பலர் வருவாயின் இடத்தில் வருகையை வைத்துவிடுகிறார்கள். கருதுகோள் ஸ்பெயினினுடையது, முறை ஸ்பெயினினுடையது, உள்ளே போட்ட எண் மட்டும் வேறு பொருளை அளப்பது. அப்படிக் கிடைத்த முடிவுக்கு மதிப்பு இல்லை.

பின்தங்கிய வட்டாரத்தைச் சுற்றுலா தூக்கிவிடும் என்ற வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள, அதற்கு ஆதரவான மிக வலுவான ஆய்வைத்தான் எடுக்க வேண்டும். அது பென்யமின் ஃபாபர், செசில் கோபேர் இருவரும் மெக்சிகோவைப் பற்றி எழுதி 2019-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளிவந்த கட்டுரை. சுற்றுலா இருப்பதால் ஊர் வளர்ந்ததா, வளரும் ஊர் என்பதால் சுற்றுலா வந்ததா என்ற சிக்கலை அவர்கள் அவிழ்த்த விதம் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. கடற்கரையில் வெண்மணல் எவ்வளவு, கரைக்கு அருகே தீவு இருக்கிறதா என்பன போன்றவற்றைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அளந்தார்கள். மணலின் நிறத்தை எந்த அரசும் மாற்றியதில்லை. ஆகவே அதனால் வந்த சுற்றுலாவின் விளைவைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. சுற்றுலா வந்த நகராட்சிகளுக்குப் பெரிய ஆதாயம், தொழிற்சாலைகளுக்குக்கூட அது பரவியது என்பது முடிவின் ஒரு பாதி. மறு பாதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. நாடு முழுவதையும் சேர்த்துக் கூட்டினால், சுற்றுலா ஊர்களில் ஏற்பட்ட அந்தத் தொழில் திரட்சியின் ஆதாயம், சுற்றுலா குறைந்த பகுதிகள் இழந்ததால் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

குருவிகுளம் சுற்றுலா குறைந்த பகுதி. குற்றாலம் வளர்ந்தால் அதன் ஒளி இங்கும் விழும் என்று சொல்பவர்கள், மெக்சிகோவில் கண்ட ஈடாதல் இங்கே நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். பட்டம் படித்த பையன்களும் பெண்களும் வேலை தேடி எங்கே போகிறார்கள், கரிசல் ஊர்களிலிருந்து நகரத்து உணவகங்களுக்குச் சமையலுக்கும் பரிமாறவும் போனவர்கள் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள், குற்றாலத்தில் சாரல் முடிந்த பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் அதைக் காட்ட முடியாது. விருந்தோம்பல் தொழிலின் ஆதாயம் இந்த ஊருக்குப் பயணிகள் வழியாக வருவதைவிட, அந்தத் தொழிலில் உழைக்கப் போனவர்களின் மணியார்டரும் வங்கிக் கணக்கும் வழியாக அதிகம் வருவதாக இருந்தால், வருகைப் பட்டியலில் குருவிகுளத்தை ஏற்றுவதால் ஊருக்கு என்ன கிடைக்கும்? 2017-18 முதல் நடந்துவரும் தேசியத் தொழிலாளர் ஆய்வின் தனிநபர்த் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. தங்குமிடம், உணவுச் சேவை ஆகிய தொழில்களுக்கு அதில் தனிக் குறியீடு உண்டு. மாவட்ட அளவில் மாதிரி சிறியது என்பதால் தென்மாவட்டங்களைச் சேர்த்து எடுத்தால் ஊதியம், வேலை நாள், ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பவற்றையாவது அறியலாம்.

தலைக்கணக்குக்குப் பயன் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆடித்தபசன்று எத்தனை குடிநீர்த் தொட்டி, எத்தனை கழிவறை, எத்தனை சிறப்புப் பேருந்து, எத்தனை காவலர் வேண்டும் என்று தீர்மானிக்கக் கூட்டத்தின் அளவு தெரிந்தாக வேண்டும். குருவிகுளத்துச் சம்சாரியும் சென்னைக் குடும்பமும் அந்தக் கணக்கில் சமமே. இருவருக்கும் தாகம் எடுக்கும். நெரிசலில் உயிர் போகாமல் காப்பதற்கான எண் அது. அதைப் பொருளாதார ஆதாயத்தின் எண்ணாக எடுத்தாள்வதுதான் இங்கே மறுக்கப்படுகிறது. 2023 செப்டம்பரில் வெளியான மாநிலச் சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்திருக்கிறது. தொழில் என்று ஏற்ற பிறகு அதை மற்றத் தொழில்களைப் போல உற்பத்தி மதிப்பாலும் வேலையாலும் ஊதியத்தாலும்தான் அளக்க வேண்டும்.

சிற்றூர்களில் இத்தகைய அளவீட்டுக்குத் தரவு கிடைக்காது, தனி ஆய்வு மாணவரால் இதெல்லாம் ஆகாது என்ற கடைசி வாதமும் நிற்காது. தேசிய மாதிரி ஆய்வில் ஓர் ஒன்றியத்துக்கென்று தனி முடிவு கிடைக்காது என்பது உண்மை. அந்த இடைவெளியே முனைவர் பட்ட ஆய்வுக்குத் தக்க இடம். கொடைக் கமிட்டியின் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாக வரவு இருக்கிறது; வெளியூரில் இருப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். கொடை முடிந்ததும் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கல்யாண வீட்டு மொய் நோட்டில் எழுதியவரின் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கின்றன. பெயர்களை நீக்கி, உரியவர்களின் சம்மதத்தோடு, இருபது முப்பது கிராமங்களில் இரண்டு மூன்று ஆண்டு நோட்டுகளைப் படியெடுத்தால் வெளியூரிலிருந்து வந்த பணத்தின் அளவும் காலமும் தெரியும். அதே கிராமங்களில் மாதிரி வீடுகளைத் தேர்ந்து, யார் வந்தார்கள், எத்தனை இரவு தங்கினார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் இரவுகளின் கணக்கும் செலவின் கணக்கும் வந்துவிடும். பந்தல்காரரிடமும் மைக்செட்காரரிடமும் ஆண்டில் எத்தனை நாள் வேலை, கூலிக்கு எத்தனை பேர், சாமான் எங்கே வாங்கியது என்று விசாரித்தால் பணம் வட்டாரத்தில் எத்தனை கை மாறுகிறது என்பதற்கும் ஓர் எண் கிடைக்கும்.

இந்த ஆய்வை ஆடியில் மட்டும் நடத்தினால் போதாது. தை, பங்குனி, சித்திரை மாதங்களிலும், விழா எதுவும் இல்லாத ஒரு மாதத்திலும் நடத்த வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கொடை ஒத்திவைக்கப்படுவதும் சுருங்குவதும் உண்டு என்பதால் ஓராண்டுத் தரவைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது. சங்கரன்கோவிலிலும் கழுகுமலையிலும் லாட்ஜ்களின் அறை நிரப்பளவை இதே மாதங்களுக்கு எடுத்து, வேனில் வந்துபோகிறவர்களின் செலவையும் அதே வினாத்தாளால் அளந்தால், இரண்டு வகைப் பயணத்திலும் தலைக்கும் இரவுக்கும் வட்டாரத்தில் தங்கும் தொகையை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அந்த ஒப்பீட்டில் வேன் பயணமே மேல் என்று வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.